மோட்டார்ப் பந்தயமும் ஆசனக் கிராக்கியும்

விற்பனைப் பொருள்களுள் சேமித்து வைக்கத் தக்கன சில, தகாதன சில. களஞ்சியத்தில் உள்ள நெல் இம்மாதம் விலைபோகாவிடின் அடுத்த மாதம் விலைபோகும். தீபாவளிக்கு விற்காத சேலையைத் துணி வியாபாரி பொங்கலுக்கு விற்பான். நாடகக் கொட்டகையில் இன்றிரவு வெறிதே கிடந்த நாற்காலியோ அத்தகையதன்று. நாளை நாம் விற்பது நாளைய நாற்காலியேயன்றி இன்றைய நாற்காலியாகாது. ஆசனம் என்பது மரமும் இரும்பும் மட்டுமன்று. ஓர் இடமும் ஒரு நேரமும் கூடிய பொருள். நேரம் கழியின் பொருளும் கழிந்தது. அங்ஙனமாயின், ஆண்டிற்கு ஒரு நாள் நடைபெறும் பெருங்காட்சிக்காக இரண்டரை இலட்சம் ஆசனங்களைக் கட்டி வைத்திருப்போர் நிலை எத்தகையது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இந்தியானாபோலிஸ் என்னும் நகரத்தில் ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில் நடைபெறும் 500 மைல் மோட்டார்ப் பந்தயம் இவ்வினாவிற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அதனைத் துணையாகக் கொண்டு, டிக்கட்டுகளுக்குக் கிராக்கி எவ்வாறு உண்டாகின்றது, ஆசனங்களின் தொகை அதனை எவ்வாறு மாற்றுகின்றது, விளம்பரம் எம்மட்டும் பயன்படும் என்னும் மூன்றனையும் முறையே ஆராய்வாம்.

1. கிராக்கியின் தோற்றம்

இப்பந்தயக்களம் 1909-ஆம் ஆண்டு கார்ல் ஃபிஷர் என்பவராலும் அவருடைய கூட்டாளிகள் மூவராலும் அமைக்கப்பெற்றது. சுற்று ஒன்றிற்கு இரண்டரை மைல் நீளம். ஃபிஷர் விளம்பரக் கலையில் கைதேர்ந்தவர். 1908-இல் அவர் ஒரு மோட்டார் வண்டியை ஆகாயக் கூண்டு ஒன்றன்கீழ்க் கட்டித் தொங்கவிட்டு, அதில் தாமே ஏறி நகரத்தின்மேல் பறந்தார். ஊரார் அண்ணாந்து வியந்தனர். அவ்வண்டியின் என்ஜினைப் பாரம் கருதி முன்னரே கழற்றிவிட்டனர் என்பது கீழே நின்றோர்க்குத் தெரியாது. விளம்பரத்தின் வன்மையும் குறையும் இவ்வொரு செயலிலேயே காணக்கிடக்கின்றன. மக்களை நிமிர்ந்து பார்க்கச் செய்வது அதற்கு எளிது. உள்ளே என்ஜின் இருக்கின்றதா என்பதற்கு அது பொறுப்பேலாது.

1909 ஜூன் மாதத்தில் அக்களத்தில் முதன்முதல் நிகழ்ந்தது மோட்டார்ப் பந்தயமன்று. ஆகாயக் கூண்டுகளின் பந்தயம். கூண்டுகள் வானில் எழும்புவன ஆதலின், வேலிக்கு வெளியே நின்றோரும் அவற்றை நன்கு கண்டனர். காசு கொடாது கண்டவர் பலர். பொருளாதார நூலார் கூறும் விதியொன்று ஈண்டுப் புலனாகின்றது: பிறரை விலக்கி வைக்க இயலாத பொருளுக்கு விலை கூறுதல் அரிது. இவ்விதி பின்னர் டெலிவிஷன் வந்த காலத்தில் வேறொரு வடிவில் மீண்டும் தோன்றியதைக் காண்போம்.

அவ்வாண்டு ஆகஸ்டில் மோட்டார்ப் பந்தயங்கள் தொடங்கின. உடைகல்லும் தாரும் கொண்டு இட்ட தளம் சக்கரங்களுக்குத் தாங்காமல் பெயர்ந்தது. சில நாட்களுக்குள் ஐவர் மாண்டனர். அவருள் இருவர் காட்சி காண வந்தவர். பணம் கொடுத்து வந்தவன் உயிரோடு வீடு திரும்புவான் என்னும் உறுதி இல்லாதவிடத்து எவ்வளவு விளம்பரம் செய்தும் பயன் என்னை? உரிமையாளர் இதனை உணர்ந்தனர். அவ்வாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 32 இலட்சம் செங்கற்களைப் பரப்பித் தளத்தைப் புதுப்பித்தனர். அச்செங்கற்களுள் ஒரு கஜ அகலமுள்ள வரிசை இன்றும் பந்தயத்தின் எல்லைக்கோடாக விளங்குகின்றது. வந்தவனைக் காப்பதற்குச் செய்த இச்செலவே அக்களத்தின் தலைசிறந்த விளம்பரம் என்று நாம் கருதுகின்றோம்.

2. அருமையே பெருமை

1910-ஆம் ஆண்டு விடுமுறை நாட்கள்தோறும் பல பந்தயங்கள் நடத்தப்பட்டன. மே மாதத்தில் பெருங்கூட்டம் கூடிற்று, ஜூலையில் குறைந்தது, செப்டம்பரில் மேலும் குறைந்தது. பந்தயத்தில் குற்றமில்லை; வண்டிகளும் விரைவாகவே ஓடின. எனினும் அடுத்த மாதமும் காணலாம் என்றிருப்பவன் இம்மாதம் வண்டிச் சத்தம் கொடுத்து வருதல் இல்லை. அதுகண்ட உரிமையாளர் துணிவான முடிபொன்று செய்தனர். ஆண்டிற்கு ஒரே பந்தயம். அது நெடியதாகவும் பரிசு மிக்கதாகவும் இருத்தல் வேண்டும் என்பதே அது. காலையில் தொடங்கி மாலைக்குள் முடியத் தக்கதாக 500 மைல் தூரம் வகுத்தனர்.

1911 மே 30-இல் நடந்த முதற் பந்தயத்தில் நாற்பது வண்டிகள் புறப்பட்டன. ரே ஹாரூன் என்பவர் மணிக்குச் சுமார் 74 மைல் வேகத்தில், 6 மணி 42 நிமிஷத்தில் ஓடி முடித்து வென்றார். வந்தோர் ஏறக்குறைய 80,000 பேர் என மதிக்கப்பட்டது. காட்சிகளின் தொகையைக் குறைத்ததனால் ஒரு காட்சியின் கிராக்கி பெருகியது. நம் ஊர்த் தேர்த் திருவிழா ஆண்டிற்கொரு முறை வருவதனாலன்றோ அயலூர் மணம்புக்க பெண்களும் அந்நாளில் தாய்வீடு வந்து சேர்கின்றனர்? மாதந்தோறும் தேர் ஓடின் வடம் பிடிப்பார் அரியர்.

3. ஆசனங்களின் தொகை

இக்களத்தின் ஆசனங்கள் எத்தனை என்பதை நிருவாகத்தார் நெடுங்காலம் வெளியிட்டிலர். வந்தோர் தொகையையும் வெளியிடுவதில்லை. 2004-இல் அந்நகரத்துப் பத்திரிகை ஒன்று படிவரிசை தோறும் எண்ணி, நிலையான ஆசனங்கள் 2,57,325 என அறிவித்தது. இவையன்றிக் களத்தின் நடுவே பரந்த புல்வெளி உளது. அங்கே குறித்த ஆசனமின்றி, குறைந்த கட்டணத்தில், நின்றும் விரிப்பில் அமர்ந்தும் காண்பர்.

இவ்விரு வகையையும் வேறுபடுத்தி அறிதல் இன்றியமையாதது. எண்ணிட்ட ஆசனம் வரம்புடையது. நல்லிடம் தீர்ந்தால் தீர்ந்ததே. புல்வெளியோ நெகிழ்வுடையது, பதினாயிரவர் மிகினும் நெருங்கி நின்று இடங்கொடுப்பர். ஆகவே நல்லாசனம் வேண்டுவோர் முன்கூட்டியே வாங்குகின்றனர். புல்வெளிக்கு வருவோர் வானிலையைப் பார்த்துக் கடைசி வாரத்தில் வாங்குகின்றனர். ஒரே பந்தயத்திற்கு இருவேறு சந்தைகள் உள்ளன என்க.

சென்ற ஆண்டு டிக்கட்டு வாங்கியவர்க்கு அதே ஆசனத்தை மறுமுறை பெறும் முதலுரிமை உண்டு. தந்தை அமர்ந்த வரிசையில் மகனும், அவனுக்குப்பின் பேரனும் அமர்தல் அங்கே இயல்பு. அடுத்த ஆண்டு டிக்கட்டு கிடையாது போய்விடுமோ என்னும் அச்சம் உள்ளவரை அக்குடும்பம் தன் உரிமையை விடாது. எந்நேரமும் வாயிலில் டிக்கட்டு கிடைக்கும் என்று அறிந்த நாளில் அவ்வச்சம் நீங்கும், முன்பதிவும் நீங்கும். ஆசனங்களை மிகுதியாகக் கட்டுதலால் வரும் கேடு இதுவே.

இதனைப் பிரிஸ்டல் என்னும் மற்றோர் அமெரிக்கப் பந்தயக்களம் தெளிவுறுத்துகின்றது. அது சுற்றுக்கு அரை மைலுக்குச் சற்று மிக்க சிறிய களம். 1982 முதல் 2009 வரை அங்கு நடந்த பெரும்பந்தயங்கள் தொடர்ச்சியாக 55 முறை முழுதும் விற்றுப்போயின. கிராக்கி வளர வளர ஆசனங்களும் வளர்ந்து ஏறத்தாழ 1,60,000 ஆயின. பின்னர் 2008-இல் தொடங்கிய பொருளாதார நெருக்கடியால் வெளியூர்ப் பயணமும் விடுதி வாடகையும் மக்களுக்குச் சுமையாயின. 2010 மார்ச்சுப் பந்தயத்தில் அத்தொடர் அறுந்தது. டிக்கட்டுக்காகக் காத்திருப்போர் பட்டியல் இருந்த இடத்தில், காத்திருக்கும் ஆசனங்கள் காணப்பட்டன.

டேட்டோனாவின் உரிமையாளர் வேறு வழி கண்டனர். சுமார் 40 கோடி டாலர் செலவிட்டு 2016-இல் முடித்த புதுப்பிப்பில் அவர்கள் ஆசனங்களைக் கூட்டவில்லை, குறைத்தனர். களத்தின் பின்புறத்துப் படிவரிசைகளை அகற்றி, முன்புறத்தில் அகன்ற ஆசனங்களாக ஏறக்குறைய 1,01,500 அமைத்தனர். ஆசனத்தை இடித்து வருவாயைக் காத்தல் முரணாகத் தோன்றும். எனினும் கிராக்கிக்கு ஏற்ப அளவிடுதலே அறிவுடைமை.

4. விளம்பரத்தின் இருமுகம்

பந்தயங்களைப் பற்றிய விளம்பரம் இருவகைப்படும். பந்தயத்தை மக்களுக்கு அறிவித்தல் ஒன்று. பந்தயத்திற்குக் கூடிய மக்களைப் பிற வியாபாரிகளுக்குக் காட்டிப் பொருள் பெறுதல் மற்றொன்று. அமெரிக்காவில் 1971-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ரேடியோவிலும் டெலிவிஷனிலும் சிகரெட்டு விளம்பரம் தடுக்கப்பட்டது. அவ்வாண்டே ஒரு சிகரெட்டுக் கம்பெனி ஒரு பெரும் பந்தயத் தொடருக்குத் தன் சரக்கின் பெயரைச் சூட்டிப் பொருளுதவி செய்யத் தொடங்கிற்று. அப்பெயர் 2003 வரை நிலைத்தது. இங்ஙனம் காட்சி காண வந்தவனே ஒரு விற்பனைப் பொருளாகிவிட்டான். வெறும் ஆசனம் டிக்கட்டு வருவாயை மட்டும் கெடுப்பதில்லை; டெலிவிஷனில் அது தெரியும்பொழுது விளம்பரதாரரின் நம்பிக்கையையும் கெடுக்கின்றது. சில களங்களில் வெறும் படிவரிசைகளை விளம்பரத் துணியால் மூடும் வழக்கம் உண்டானது இதுபற்றியே.

இனி, டெலிவிஷன் நண்பனோ பகைவனோ என்னும் வினா எழுகின்றது. 1949, 1950 ஆகிய ஆண்டுகளில் இந்தியானாபோலிஸ் பந்தயம் உள்ளூர் டெலிவிஷனில் நேரடியாகக் காட்டப்பெற்றது. வீட்டிலிருந்தே காண்போர் களத்திற்கு வாரார் என்று அஞ்சி அது நிறுத்தப்பட்டது. 1986 முதல் நாடு முழுவதற்கும் நேரடியாகக் காட்டிய பின்னரும், அந்நகரத்தார் மட்டும் அந்நேரத்தில் காணவொண்ணாதபடி தடை இருந்தது. முன்னர்க் கண்ட வேலியின் விதியே இதுவும்.

2016-இல் நூறாவது பந்தயத்திற்கு ஆசனங்களும் புல்வெளி டிக்கட்டுகளும் முழுதும் விற்றுப்போயின. வந்தோர் சுமார் 3,50,000 என மதிக்கப்பட்டனர். நகரத் தடையும் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு தடை மீண்டது. நூற்றாண்டுச் சிறப்பிற்காக ஒருமுறை வந்தோர் அனைவரும் ஆண்டுதோறும் வருவோர் ஆகார் என்பது இதனாற் பெறப்படும். 2020-இல் தொற்றுநோய் காரணமாகப் பந்தயம் ஆகஸ்டில், காண்போர் ஒருவருமின்றி நடந்தது. 2021-இல் 1,35,000 பேர்க்கே இடம் அளிக்கப்பட்டது, அவையனைத்தும் விற்றன. 2025-இல் படியாசனங்கள் மீண்டும் முழுதும் விற்று, அவ்வாண்டும் தடை நீக்கப்பெற்றது.

5. நம்பிக்கை என்னும் முதல்

1996-இல் நிருவாகப் பிணக்கினால் பந்தயத் தொடர் இரண்டாகப் பிளந்து, அதே நாளில் மிச்சிகனில் போட்டிப் பந்தயம் ஒன்று நடத்தப்பட்டது. புகழ்பெற்ற ஓட்டுநர் பலர் இந்தியானாபோலிஸில் இலர். 2008-இல் இரு பிரிவும் ஒன்றாயின. அதற்குள் ஒரு தலைமுறையின் பழக்கம் தளர்ந்தது.

2005-இல் அதே களத்தில் நடந்த வேறொரு பெரும்பந்தயத்தில், டயர்கள் பாதுகாப்பற்றவை என்று கண்ட பதினான்கு வண்டிகள் பந்தயம் தொடங்குமுன் விலகிக்கொண்டன. ஆறு வண்டிகளே ஓடின. தொலைதூரம் கடந்து வந்த மக்கள் கூவி வெறுப்பைக் காட்டினர். ஓட்டுநரின் உயிரைக் காத்தது குற்றமன்று. வந்தவர்க்கு வாக்களித்தது ஒன்று, கிடைத்தது வேறொன்று என்பதே குற்றம். அந்த டயர்க் கம்பெனி கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்ததோடு, அடுத்த ஆண்டிற்கென 20,000 டிக்கட்டுகள் வாங்கி அளிக்கவும் செய்தது. எனினும் 2007-க்குப்பின் அப்பந்தயம் அங்கு நடைபெறவில்லை. 2008-இல் அக்களத்தின் பிறிதொரு பந்தயத்திலும் டயர்கள் பத்துச் சுற்றுக்குமேல் தாங்கவில்லை. தொடர்ந்த ஆண்டுகளில் கூட்டம் மெலிந்தது. பொருளாதார நெருக்கடியும் அதற்கொரு காரணமே. ஆயினும் கையில் காசு சுருங்கியவன் செலவுகளுள் முதலில் தள்ளுவது, முன்னர்த் தன்னை ஏமாற்றியதையே அன்றோ?

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் விளங்கும். அரிதாக நிகழ்வதற்கே கிராக்கி உண்டு என்பது ஒன்று. ஆசனங்களைக் கிராக்கிக்குச் சற்றுக் குறைவாக வைத்தல் நன்று என்பது மற்றொன்று. விளம்பரம் ஒருவனை முதன்முறை வாயிலுக்குக் கொணரும், மறுமுறை கொணர்வது அவன் உள்ளே கண்டதே என்பது மூன்றாவது.

நம் கலாசாலை ஆண்டு விழாவிற்கு நாற்காலி போடும் மாணவரும் இவற்றை நினைவிற் கொள்ளத் தகும். நானூறு பேர் வரும் மண்டபத்தில் ஆயிரம் நாற்காலிகளைப் பரப்பின், வந்த நானூற்றுவரும் வாராதவரையே எண்ணிக்கொண்டிருப்பர். நானூறு போட்டு, நாடகத்தைக் குறித்த நேரத்தில் தொடங்கி, நன்றாக நடித்துக் காட்டின், அடுத்த ஆண்டு அவர்களே தம் வீட்டாரையும் உடன் அழைத்து வருவர்.