ஓடும் லோரியில் ஒரு வகுப்பறை



நம் தோட்டத்துச் சாலையில் நாள்தோறும் லோரிகள் செல்வதைக் காண்கிறோம். செம்பனைக் குலைகளை ஆலைக்குக் கொண்டு செல்லும் ஓட்டுநர், மாலையில் வீடு திரும்பித் தம் பிள்ளைகளுடன் உணவு உண்கிறார். தொலைவிலுள்ள துறைமுகங்களுக்குச் சரக்கு ஏற்றிச் செல்பவரோ பல இரவுகளை வழியிலேயே கழிக்கிறார். அவர் வீடு வந்து சேரும்போது பிள்ளைகள் உறங்கியிருப்பார்கள்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இப்பிரிவு இன்னும் நீண்டது. அங்கு நெடுந்தூர லோரி ஓட்டுவோரில் பலர் வாரக் கணக்கில் வீடு திரும்புவதில்லை. ஆகவே, சில குடும்பங்கள் தந்தையுடனோ தாயுடனோ லோரியிலேயே பயணம் செய்கின்றன. பிள்ளைகள் அங்கேயே பாடம் படிக்கின்றனர். அவ்வாழ்க்கை எத்தகையது, அதில் நமக்கு என்ன பாடம் உண்டு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

சாலையும் சட்டமும்

அந்நாட்டில் மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைகளை அமைக்க 1956ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. அவற்றுள் 80ஆம் எண் சாலை, மேற்கே சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிக் கிழக்கே நியூயார்க் நகருக்கு அருகில் முடிகிறது. அதன் நீளம் ஏறத்தாழ 4,670 கிலோமீட்டர். நம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் நீளம் 772 கிலோமீட்டர். அதைப் போல் ஆறு மடங்கு என்று கொள்ளலாம்.

ஓட்டுநர் விருப்பம்போல் ஓட்டிக் கொண்டே இருக்க முடியாது. தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்த பின்னரே ஒருவர் வேலையைத் தொடங்கலாம். தொடங்கிய 14 மணி நேரத்திற்குள் 11 மணி நேரம் மட்டுமே வண்டி ஓட்டலாம். சரக்கு நிறுவனத்தின் எழுத்து மூலமான அனுமதியின்றிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லவும் இயலாது.

பிள்ளைகளுக்குப் பெற்றோரே பாடம் கற்பிப்பது 1993ஆம் ஆண்டிற்குள் அந்நாட்டின் 50 மாநிலங்களிலும் சட்டப்படி ஏற்கப்பட்டது. எனினும், விதிகள் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடும். சில மாநிலங்களில் பிள்ளையின் முன்னேற்றத்தை ஆண்டுதோறும் காட்ட வேண்டும்.

வீடும் வகுப்பறையும்

நெடுந்தூர லோரியில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு சிற்றறை உண்டு. ஒன்றன்மேல் ஒன்றாக இரு படுக்கைகளும், சிறு குளிர்பெட்டியும், சில பலகைத் தட்டுகளும் அதில் அடங்கும். தோட்ட வீட்டின் ஓர் அறையைவிடச் சிறிய அவ்விடமே அவர்களுக்குச் சமையலறை, படுக்கையறை, பள்ளிக்கூடம் எல்லாம்.

வண்டி ஓடும்போது எழுதினால் கை ஆடும். படித்தால் தலை சுற்றும். ஆகையால், ஓடும் நேரத்தில் வாய்ப்பாடு ஒப்புவித்தல், மனக்கணக்கு, சொல்லெழுத்து, ஒலிநூல் கேட்டல் போன்ற வாய்மொழிப் பாடங்களே நடைபெறும். அப்போது பிள்ளைகள் இருக்கையில் வார்ப்பட்டை அணிந்திருத்தல் வேண்டும். வண்டி நின்ற பிறகே எழுத்துப் பாடம். கற்பிப்பவர் ஓட்டாத பெற்றோரே ஆவார். சாலையில் கண் வைத்திருப்பவர் நோட்டுப் புத்தகத்தைப் பார்க்கலாகாது.

பூகோளப் பாடமோ கண்ணாடிக்கு வெளியே விரிகிறது. 80ஆம் எண் சாலையில் கிழக்கு நோக்கிச் செல்லும் பிள்ளை, சியரா நெவாடா மலைத்தொடரையும், யூட்டா மாநிலத்தின் வெண்ணிற உப்புச் சமவெளியையும், ஐயோவாவின் சோள வயல்களையும், மிசிசிப்பி ஆற்றையும் வரிசையாகக் காண்கிறது. வயோமிங் மாநிலத்தில் அச்சாலை 2,633 மீட்டர் உயரத்தை எட்டுகிறது. நம் தீபகற்பத்தின் மிகவுயர்ந்த மலையான தாகானின் உச்சி 2,187 மீட்டர்தான்! அச்சிகரத்தையும் விஞ்சிய உயரத்தில் அங்கே லோரிகள் செல்கின்றன. கடிகாரத்தை வழியில் மூன்று முறை ஒவ்வொரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்க வேண்டும்.

எடைமேடையில் கணிதம்

நம் செம்பனை ஆலையில் உள்ளதைப் போன்றே அங்குச் சாலையோரங்களிலும் எடைமேடைகள் உண்டு. சரக்குடன் லோரியின் மொத்த எடை பொதுவாக 80,000 இராத்தலுக்கு, அதாவது ஏறத்தாழ 36,000 கிலோகிராமுக்கு, மேற்படலாகாது. மேலும், இரட்டை அச்சுச் சக்கரத் தொகுதி ஒவ்வொன்றின் மீதும் 34,000 இராத்தலுக்கு மேல் பாரம் இருத்தல் கூடாது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். முன் அச்சில் 11,600, நடுத் தொகுதியில் 33,800, பின் தொகுதியில் 34,100 இராத்தல் உள்ளன. கூட்டினால் 79,500. மொத்தம் சரியே; ஆயினும் பின் தொகுதியில் 100 இராத்தல் மிகுதி. பின் சக்கரத் தொகுதியைச் சற்றுப் பின்னால் நகர்த்தினால் பாரத்தின் ஒரு பகுதி நடுத் தொகுதிக்குச் செல்லும். 150 இராத்தல் சென்றால் இரண்டிலும் 33,950 ஆகிவிடும். கூட்டலும் கழித்தலும் தவறினால் தந்தைக்கு அபராதம் என்பதை அறிந்த பிள்ளை, அக்கணக்கை மறக்குமா?

பெறுவதும் இழப்பதும்

இவ்வாழ்க்கையால் குடும்பம் ஒன்றாக இருக்கிறது. தந்தையின் உழைப்பைப் பிள்ளை நேரில் காண்கிறது. இவை பெரும் பேறுகளே. ஆயினும், இழப்பும் சிறிதன்று. நேற்றுப் பழகிய தோழன் இன்று இல்லை. ஓடி விளையாடத் திடல் இல்லை. குழுவாகப் பாட, நாடகம் நடிக்க, அறிவியல் சோதனை செய்ய வசதி இல்லை. சரக்கு தாமதமானால் பாடமும் தாமதமாகும். பெற்றோருக்குத் தெரியாத பாடத்தைக் கேட்டறிய அருகில் ஆசிரியர் இல்லை.

நமக்குரிய பாடம்

நம் நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் தொடக்கக் கல்வி கட்டாயமாக உள்ளது. நம் பிள்ளைகளுக்கு வகுப்பறையும் தோழரும் ஆசிரியரும் கிடைத்திருக்கின்றனர். ஆகவே, லோரி வாழ்க்கையை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. அக்குடும்பங்கள் எதற்காக அத்தனை இடர்களையும் ஏற்கின்றன என்பதையே நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பிள்ளை வளரும் ஆண்டுகளில் பெற்றோர் அருகில் இருக்க வேண்டும் என்ற ஒரே ஆவலுக்காகவே அவை அவ்வாறு செய்கின்றன.

பால் வெட்டுபவர், குலை அறுப்பவர், லோரி ஓட்டுபவர் யாவரும் களைத்தே வீடு திரும்புகிறோம். எழுத்தறிவு குறைந்தோரும் நம்மிடையே உண்டு. அதனால் நாம் தயங்க வேண்டுவதில்லை. இன்று எத்தனை குலைகள் அறுத்தோம், எத்தனை கிலோ பால் கிடைத்தது, எத்தனை மைல் ஓட்டினோம் என்பதைப் பிள்ளையிடம் சொல்லிக் கணக்கிடச் செய்வோம். வெளியூரில் தங்கும் தந்தை, தாம் இருக்கும் ஊரின் பெயரைத் தொலைபேசியில் கூறித் தேசப்படத்தில் தேடச் சொல்லலாம். பத்து நிமிடம் போதும். பள்ளி கற்பிப்பதும் பெற்றோரின் உழைப்பும் அங்கே ஒன்று சேர்கின்றன.

பயிற்சி

1. ஒரு லோரி நாளொன்றுக்கு 850 கிலோமீட்டர் ஓடினால், 4,670 கிலோமீட்டர் நீளமுள்ள சாலையை எத்தனையாவது நாளில் கடந்து முடிக்கும்?

2. ஓடும் லோரியில் ஏன் எழுத்துப் பாடம் நடத்துவதில்லை?

3. உங்கள் தந்தை, தாய் அல்லது உறவினர் ஒருவரின் ஒரு நாள் வேலையைக் கேட்டறிந்து, அதிலிருந்து மூன்று கணக்குகள் அமைத்து வகுப்பில் படித்துக் காட்டுக.