உங்கள் தெரு நாயை உங்களுக்குத் தெரியுமா?
எட்டுக் கேள்விகள், எட்டு விடைகள்

வருஷம் முழுக்கக் கேள்வித்தாளைப் பார்த்தே கண் பூத்துப்போனவர்களிடம் மலரிலும் ஒரு கேள்வித்தாளா என்று முகம் சுளிக்க வேண்டாம். இது மெஷின் டிராயிங் அல்ல, நம் வாசலில் படுத்திருக்கும் நாயைப் பற்றிய பாடம்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். அதனால் பூதப்பாண்டியில் எங்கள் தெருக்காரர்களுக்கு மாட்டாஸ்பத்திரியில் எந்தச் சீட்டு எழுதித் தந்தாலும், "மக்கா, இதுல என்ன எழுதியிருக்கு, வாசிச்சுச் சொல்லு" என்று என்னிடம்தான் வருவார்கள். எஞ்சின் படிக்கிறவனுக்கு ஈரல் தெரியுமா? கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே தருகிறேன். முதலில் விடைகளைத் தாளில் எழுதுங்கள். பிறகு கீழே பாருங்கள். பிட் அடிக்கக் கூடாது!

கேள்விகள்

1. வளர்ந்த நாய்க்கு எத்தனை பற்கள்? (அ) 28 (ஆ) 32 (இ) 42
2. பின்னங்காலில் பின்பக்கமாகத் துருத்தி நிற்கும் மூட்டு எது? (அ) முழங்கால் (ஆ) குதிகால் (இ) இடுப்பு
3. நாயின் தோள்பட்டை எலும்பை நெஞ்சுக்கூட்டோடு பிடித்து வைத்திருப்பது எது? (அ) எலும்பு மூட்டு (ஆ) காறை எலும்பு (இ) தசை
4. நாயின் உயரத்தை எதுவரை அளப்பார்கள்? (அ) தலை உச்சி (ஆ) தோள் உச்சி (இ) காது நுனி
5. தெர்மாமீட்டரில் 102 டிகிரி பாரன்ஹீட். நாய்க்குக் காய்ச்சலா?
6. வெயிலில் நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பது ஏன்?
7. பொருள் தருக: கேனைன், ஏ.ஆர்.வி., ஏ.பி.சி., ஜூனோசிஸ்.
8. ஒருவரைக் கடித்த நாய் தண்ணீர் குடிக்கிறது. "அப்ப வெறி இல்லை" என்று விட்டுவிடலாமா?

விடைகள்

1. (இ) 42. மேலே 20, கீழே 22. குட்டிக்குப் பால்பற்கள் 28. நமக்குத்தான் 32.

2. (ஆ) குதிகால். நாய் விரல்களை ஊன்றி நடக்கும் பிராணி. நாம் முழங்கால் என்று நினைப்பது அதன் குதிகால். டாக்டர்கள் அதை 'ஹாக்' என்பார்கள். நிஜ முழங்கால் மேலே வயிற்றோரம், நம்முடையதைப் போல முன்பக்கம் இருக்கிறது. அதன் பெயர் 'ஸ்டைஃபிள்'. சீட்டில் ஸ்டைஃபிள் வீக்கம் என்று எழுதியிருந்தால் ஹாக்கில் மருந்து தேய்த்து என்ன பயன்?

3. (இ) தசை. நமக்கிருப்பது போன்ற முழுமையான காறை எலும்பு நாய்க்குக் கிடையாது. பாய்ந்து ஓடும்போது வரும் அதிர்ச்சியைத் தசைகளே வாங்கிக்கொள்கின்றன. மெக்கானிக்கல்காரர்கள் இதை ஷாக் அப்சார்பர் என்று ஞாபகம் வைக்கலாம்.

4. (ஆ) தோள் உச்சி. 'விதர்ஸ்' என்பது அதுதான். தலை ஆடும், தோள் நிற்கும். 2005-இல் தபால்தலையில் இடம்பிடித்த நம் ராஜபாளையம் நாயாக இருந்தாலும் அளவு இப்படித்தான்.

5. இல்லை. 101 முதல் 102.5 வரை நாய்க்குச் சாதாரண வெப்பம். மூக்கு காய்ந்திருப்பதை மட்டும் வைத்துக் காய்ச்சல் என்று சொல்லவும் முடியாது.

6. நாய்க்கு வியர்வைச் சுரப்பிகள் முக்கியமாகப் பாதங்களின் அடியில்தான் உண்டு. அது போதாது. வாயின் ஈரம் ஆவியாகும்போது வெப்பமும் வெளியேறுகிறது. நாக்குதான் அதன் ரேடியேட்டர். வெயிலில் வாயைக் கட்டிப் போடாதீர்கள்.

7. கேனைன்: நாய் சம்பந்தப்பட்டது. நம் கோரைப் பல்லுக்கும் இதே பெயர். ஏ.ஆர்.வி.: வெறிநோய்த் தடுப்பூசி. ஏ.பி.சி.: தெரு நாய்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். ஜூனோசிஸ்: பிராணிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்.

8. கூடாது, கூடவே கூடாது! 'ஹைட்ரோபோபியா', அதாவது தண்ணீரைக் கண்டு நடுங்குவது, வெறிநோய் வந்த மனிதரிடம் காணும் அறிகுறி. நாய்க்கு அந்தப் பயம் வருவதில்லை. தாடையும் தொண்டையும் செயலிழந்த பிறகு விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகும். அதற்கு முன்பே அந்த எச்சிலில் கிருமி இருக்கலாம். "தண்ணி குடிச்சுதே, ஒண்ணும் இல்ல" என்று திண்ணையில் தீர்ப்புச் சொல்வதில் ஓர் உயிரே போய்விடும்.

கிருமி காயத்திலிருந்து நரம்பு வழியாக மூளைக்கு ஏறுகிறது. அதற்குப் பெரும்பாலும் வாரங்களோ மாதங்களோ ஆகும். அந்த இடைவெளிதான் நமக்குள்ள நேரம். அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. ஆகவே கடித்த உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பிப்பொடி எதுவும் வேண்டாம். அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டர் சொல்லும் எல்லா நாள்களிலும் ஊசி போட்டு முடியுங்கள். ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவை. நாயைப் பத்து நாள் கவனிப்பது நல்லதுதான், அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

வயிற்றில் 14 ஊசி என்று இன்றும் பயப்படுகிறவர்கள் உண்டு. அந்தப் பழைய மருந்தின் தயாரிப்பு நம் நாட்டில் 2004-இல் நின்றுவிட்டது. இப்போது கையில்தான் ஊசி. பாரிஸில் பாஸ்டர் 1885-இல் ஒரு சிறுவனுக்குப் போட்டுத் தொடங்கிய சிகிச்சை இது. தென்னிந்தியர்களுக்காகக் குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்தது 1907-இல். அந்த வருஷத்தை மறக்கவே முடியாது, எங்கள் ஊர் ஜீவானந்தம் பிறந்ததும் அதே 1907தான்!

விடைக்கு ஒரு மார்க். ஐந்து வாங்கினால் பாஸ். ஆனால் எட்டாவது கட்டாயக் கேள்வி. மற்ற ஏழில் தவறினால் அரியர் எழுதிக்கொள்ளலாம். எட்டாவதுக்கு அரியர் கிடையாது, நண்பர்களே. அதை வீட்டிலும் சொல்லிக் கொடுங்கள்.