சங்கட்டியும் சாற்றமுதும்

வேலூரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் சென்றால் சித்தூர். பேருந்தில் ஒரு மணி நேரப் பயணம். ஊருக்குள் நுழைந்ததும் கடைப் பலகைகளில் எழுத்து மாறிவிடுகிறது. ஆனால் உணவகங்களிலிருந்து வரும் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்த மணம் மாறுவதில்லை. அங்கிருந்து மேலும் வடகிழக்கே சென்றால் திருப்பதி. இரயில்வே, வங்கி, அஞ்சல்துறை முதலிய பணிகளின் பொருட்டு இவ்விரு நகரங்களுக்கும் தமிழ்க் குடும்பங்கள் வந்தவண்ணம் உள்ளன.

வந்தவர்கள் முதலில் தேடுவது பழகிய உணவையே. வீட்டில் சாம்பாரும் பொரியலும் தொடர்கின்றன. வெளியே உண்ண நேர்ந்தால் இட்லியும் தோசையும் கிடைக்கும் கடையாகப் பார்த்து நுழைகின்றனர். இதில் தவறேதும் இல்லை. நாக்கு தான் அறிந்ததைத்தான் நாடும். எனினும் ஓர் ஊரில் மூன்றாண்டுகள் வாழ்ந்துவிட்டு, அவ்வூரார் அன்றாடம் உண்பது இன்னதென்று அறியாமலேயே மாற்றலாகிச் செல்வது இழப்புதான்.

தஞ்சைப் பகுதியிலிருந்து திருப்பதிக்குப் புதிதாக வந்த ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் தந்தையுடன் ஒரு சிறிய உணவகத்திற்குச் சென்றான். பரிமாறுபவர் அவனிடம், "சங்கட்டி காவாலா, பாபு?" என்று கேட்டார். அவன் தந்தையின் பக்கம் திரும்பி, "என்ன சங்கதிப்பா கேட்கிறார்?" என்றான். தந்தைக்கும் விடை தெரியவில்லை. அவர் தலையை மட்டும் அசைத்தார். சற்று நேரத்தில் இலையில் கரும்பழுப்பு நிறத்தில், ஆவி பறக்க, பந்து போன்ற ஓர் உருண்டை வந்து அமர்ந்தது. மகன் அதைத் தொடவே தயங்கினான். தந்தையோ சிரித்துவிட்டார். "இது களிடா! உன் பாட்டி வீட்டில் கேழ்வரகில் கிண்டுவார்களே, அதுதான்!"

அது இராயலசீமைப் பகுதியின் தலைமையான உணவாகிய ராகி சங்கட்டி. அரிசியைக் குழைய வேகவைத்து, அதில் கேழ்வரகு மாவைத் தூவி, மரத்துடுப்பால் கட்டியில்லாமல் கிண்டி, நீர் தொட்ட கையால் உருட்டி எடுப்பர். தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் நொய்யரிசி சேர்த்துக் கிண்டும் களிக்கும் இதற்கும் செய்முறையில் பெரிய வேறுபாடு இல்லை. மழை குறைந்த செம்மண் நிலத்தில் நெல்லைவிடக் கேழ்வரகு எளிதாக விளையும். ஆகவே நிலமே இவ்வுணவைத் தேர்ந்தெடுத்தது எனலாம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் அதிகமான கால்சியம் உண்டு. தீட்டிய அரிசியிலோ 10 மில்லிகிராம் அளவே இருக்கும். 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது நகரத்தார் பலர் கேழ்வரகைப் புதிதாகக் கண்டுகொண்டனர். சித்தூர்ச் சிற்றூர்களுக்கு அது புதுச் செய்தியன்று.

சங்கட்டியை உண்பதற்கென ஒரு முறை உண்டு. விரல்நுனியால் சிறிது கிள்ளி, கட்டைவிரலால் நடுவில் குழி செய்து, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். மென்றால் பல்லில் ஒட்டிக்கொள்ளும். துணையாக வேர்க்கடலைப் பச்சடியோ கீரைப் பருப்போ வரும். புலால் உண்பவர்க்கு நாட்டுக்கோழிப் புலுசு வரும். தமிழ்ப் பேச்சுவழக்கில் 'களி தின்பது' என்றால் சிறைக்குச் செல்வது என்று பொருள். அந்தக் கேலியைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, அதே களி இங்கே விருந்தினர் இலையில் நாட்டுக்கோழிக் குழம்புடன் மதிப்பாக வைக்கப்படுவது வியப்பாகத்தான் இருக்கும்.

உணவகத்தில் பேசும் தெலுங்கு அத்தனை கடினமானதன்று. "கொஞ்செம் நீள்ளு இவ்வண்டி" என்றால் "கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்" என்பது பொருள். 'கொஞ்செம்' நம் கொஞ்சமே. 'நீள்ளு' என்பதில் நீர் ஒளிந்திருக்கிறது. இறுதியில் நிற்கும் 'அண்டி' மரியாதையைக் குறிக்கும். தமிழில் 'கொடு' என்பதைக் 'கொடுங்கள்' ஆக்கும் 'உங்கள்' போன்றது அது. பரிமாறுபவர் "இங்கா காவாலா?" என்று மீண்டும் கேட்பார். "இன்னும் வேண்டுமா?" என்பதே அதன் பொருள். வயிறு நிறைந்திருந்தால் "சாலண்டி" என்று சொல்லலாம். 'சாலு' என்றால் 'போதும்'. இச்சொல் தமிழுக்கும் அயலானதன்று. 'சாலுதல்' என்பது நிறைதல், போதுமானதாதல் என்னும் பொருளில் நம் பழைய நூல்களில் வழங்கும் வினையே. 'சாலும்' என்று தமிழில் எழுதினால் 'போதும்' என்று உரை கூற வேண்டிய நிலை இன்று வந்துவிட்டது. திருப்பதியில் மேசை துடைக்கும் சிறுவனும் அதை நாள்தோறும் இயல்பாகச் சொல்கிறான்.

சோற்றுக்கு ஊற்றும் 'சாரு' என்பதும் அத்தகையதே. அது நம் ரசம். தமிழ்நாட்டு வைணவ இல்லங்களில் ரசத்தைச் 'சாற்றமுது' என்பர். சாறும் சாருவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த சொற்கள். வெல்லம் தெலுங்கில் 'பெல்லம்' எனவும், வெண்டைக்காய் 'பெண்டகாய' எனவும் வழங்கும். இவற்றின் முதலெழுத்தை மெல்லொலியாக ஒலிக்க வேண்டும். தமிழில் வகரம் நிற்கும் இடத்தில் இச்சொற்களில் இவ்வொலி நிற்பதைக் கவனித்தால், இப்பெயர்கள் தாமே விளங்கிவிடும்.

ஆயினும் ஒத்த ஒலியை நம்பி ஏமாறவும் கூடாது. 'பச்சடி' என்று கேட்டால் தயிர்ப்பச்சடி வராது, துவையல்தான் வரும். 'பெருகு' என்றால் தயிர். 'காரம்' என்பது சுவையை மட்டுமன்றி மிளகாய்ப் பொடியையும் குறிக்கும். தோசையின் மேல் சிவந்த விழுதாகத் தடவிவரும் 'எர்ர காரம்' இராயலசீமைக்கே உரியது. அதைத் தக்காளிச் சட்னி என்று எண்ணிப் பெருந்துண்டாக வாயிலிட்டவர் அடுத்து நீரைத் தேடுவர். நீர் பயன்படாது. மிளகாயின் எரிவுக்குக் காரணமான கேப்சைசின் நீரில் எளிதில் கரையாது, கொழுப்பில் கரையும். ஆகவே தயிரோ பாலோதான் உதவும். ஆந்திர உணவில் முதலில் பருப்பும் நெய்யும் ஊறுகாயும், பின்னர்ப் புலுசும் சாருவும், இறுதியில் தயிரும் வருகின்றன. இந்த வரிசையில் நாவைக் காக்கும் அறிவும் இருக்கிறது.

இத்தனை காரமும் பழங்காலத்து உடைமையன்று. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முன் நம் சமையலில் காரம் என்றால் மிளகுதான். புதிய காயைக் கண்ட தமிழர் 'மிளகு' என்ற பழஞ்சொல்லோடு 'காய்' சேர்த்து 'மிளகாய்' என்றனர். சீனத்திலும் இதுவே நிகழ்ந்தது. அங்கே சிச்சுவான் மாகாணத்தில் நாவை மரத்துப்போகச் செய்யும் ஒரு நறுமணப் பொருள் முன்பே இருந்தது. அதன் பெயர் 'ஹுவாஜியாவ்'. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் மிளகாய் வந்தபோது சீனர் அதனை 'அயல்நாட்டு ஜியாவ்' என்றனர். இன்று 'லாஜியாவ்' என்கின்றனர். அம்மாகாணத்தின் தலைநகரான செங்டுவில் புதிதாகக் குடியேறும் பிள்ளையும் தன் முதல் கிண்ணத்தில் சிவந்த எண்ணெய் மிதப்பதைக் கண்டு திகைக்கத்தான் செய்யும். 2010இல் செங்டுவையும் 2019இல் நம் ஹைதராபாத்தையும் யுனெஸ்கோ உணவுக்கலை நகரங்களாக ஏற்றது.

திருப்பதி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது லட்டு ஒன்றுதான். கடலைமாவு, சர்க்கரை, நெய், முந்திரி, உலர்திராட்சை, கற்கண்டு, ஏலம் ஆகியவை சேர்ந்த அவ்வினிப்பு 2009இல் புவிசார் குறியீடு பெற்றது. அது உருவாகும் மடைப்பள்ளியை இங்கே 'போட்டு' என்பர். இன்ன பொருள் இன்ன அளவு என வகுத்த கணக்குக்குத் 'திட்டம்' என்று பெயர். இச்சொல்லுக்கு மொழிபெயர்ப்பே வேண்டியதில்லை.

ஆனால் லட்டுக்கு நெடுங்காலம் முன்பே இங்கு வேறு பண்டங்கள் படைக்கப்பட்டன. திருமலை, திருப்பதிக் கோயில்களில் உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளுள் மிகப் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. விசயநகர அரசர் காலத்துக் கல்வெட்டுகளில் அப்பப்படி, அதிரசப்படி, வடைப்படி, சுகியன்படி, மனோகரப்படி என்னும் சொற்கள் வருகின்றன. இன்னின்ன பண்டம் படைக்க இத்தனை அரிசி, இத்தனை நெய், இத்தனை வெல்லம் என்று கல்லிலே வெட்டிவைத்தனர். அதிரசமும் சுகியனும் தீபாவளிக்கு நம் வீடுகளில் இன்றும் செய்யப்படுவனவே.

மலையில் உணவுக்கூடம் ஒன்றுண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த தெலுங்குப் பெண்கவிஞர் தரிகொண்ட வெங்கமாம்பாவின் பெயர் தாங்கியது அது. நாள்தோறும் பல்லாயிரவர்க்குக் கட்டணமின்றி உணவளிக்கும் திட்டம் 1985இல் தொடங்கப்பட்டது. எம்மொழி பேசுபவரும் வரிசையாக அமர்ந்து, ஒரே பந்தியில், ஒரே சர்க்கரைப் பொங்கலை உண்கின்றனர். அங்கே இலையைக் கண்டு இது யாருடைய உணவு என்று எவரும் கேட்பதில்லை.

வெளியே அக்கேள்வி எழாமல் இல்லை. புளியோதரை தமிழரதா, புலிஹோரா தெலுங்கரதா என்று வாதிடுவோர் உண்டு. கன்னடரும் 'புளியோகரெ' என்று கூறிக்கொண்டு அவ்வாதத்தில் இணைவர். மூன்றிலும் முதலில் நிற்பது 'புளி' என்னும் சொல்லே. தெலுங்கர் ஒருபடி மேலே சென்று, எலுமிச்சைச் சோற்றையும் மாங்காய்ச் சோற்றையும்கூடப் புலிஹோரா என்றே அழைக்கின்றனர். அவர்களுக்கு அப்பெயர் புளிப்பைக் குறிக்கிறது, புளியம்பழத்தை மட்டுமன்று. சித்தூரில் மாம்பழப் பருவத்தில் மாங்காய்ப் புலிஹோராவை உண்டவர், வாதத்தை ஒத்திவைத்துவிட்டு இரண்டாம் முறை கேட்பர்.

எல்லைகள் அடிக்கடி மாறிய நிலம் இது. தொல்காப்பியத்தின் பாயிரம் வேங்கட மலையைத் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாகக் குறிக்கிறது. சித்தூர் வட்டாரம் முன்பு வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911இல் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1960இல் திருத்தணி தமிழகத்துடன் இணைந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. நகரி, குப்பம், சத்தியவேடு ஆகிய ஊர்களில் இன்றும் இரு மொழிகளும் ஒரே தெருவில் புழங்குகின்றன. வரைபடத்தில் கோடு நகர்ந்தபோதெல்லாம் அடுப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

வெளிமாநிலத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் ஓர் இடர் உண்டு. உள்ளூர் உணவைப் பழகியவர்கள் விரைவிலேயே உள்ளூர்ச் சொற்களையும் பழகிவிடுகின்றனர். பள்ளி உணவு வேளையில் "கொஞ்செம் பெருகு" என்று கேட்கும் சிறுமி, விடுமுறையில் மன்னார்குடியில் தாத்தாவிடமும் "பெருகு வேண்டும்" என்கிறாள். தாத்தாவோ எது பெருக வேண்டும் என்று விழிக்கிறார். அவளுக்குத் தயிர் என்னும் சொல் மறந்துவிடவில்லை. உரிய நேரத்தில் நாவுக்கு வரவில்லை, அவ்வளவே. பெருகு என்ற சொல்லைக் கைவிடுமாறு அவளிடம் கூறுவது வீண். அது திருப்பதியில் அவளுக்கு உணவு தரும் சொல். இரவு உணவின்போது வீட்டில் தயிர், மோர், துவையல், கீரை, புளிக்குழம்பு என்று வாய்விட்டுப் பெயர் சொல்லிப் பரிமாறும் தாய்மார்களின் பிள்ளைகளிடம் இரு சொற்களும் தங்குகின்றன.

சொற்பொருள்

பாயிரம் – நூலின் முகவுரை. மடைப்பள்ளி – கோயில் சமையற்கூடம். படி – இறைவனுக்குப் படைக்கும் உணவளவு. சாலும் – போதும். துடுப்பு – கிண்டுவதற்குரிய மரக்கரண்டி.

பயிற்சி

1. சங்கட்டியை ஏன் மெல்லாமல் விழுங்குகின்றனர்?

2. 'மிளகாய்' என்னும் சொல்லைப் பிரித்து எழுதுக. சீனரும் தமிழரும் புதிய காய்க்குப் பெயரிட்ட முறையில் உள்ள ஒற்றுமையை இரண்டு தொடர்களில் எழுதுக.

3. பச்சடி, காரம், பெருகு ஆகிய சொற்கள் தமிழிலும் தெலுங்கிலும் தரும் பொருள்களை எழுதி, தமிழ்ப்பொருளில் ஒவ்வொன்றையும் தொடரில் அமைக்க.

4. உங்கள் வீட்டருகே உள்ள ஒருவரிடம் அவர் வீட்டு உணவு ஒன்றின் செய்முறையைக் கேட்டறிந்து, தமிழில் பத்து வரிகளில் எழுதுக. தமிழ்ப்பெயர் இல்லாத பொருளுக்கு அவர் கூறிய பெயரையே தமிழ் எழுத்தில் எழுதலாம்.