இரும்புச்சத்து மாத்திரையும் காலைத் தேநீரும்

"மாத்திரையைத் தவறாமல் விழுங்குகிறேன், ஆயினும் ஹீமோகுளோபின் உயரவில்லையே" என்று இரத்தசோகை உள்ளோர் சிலர் எம்மிடம் வருந்துவதுண்டு. அவர்களிடம் நாம் முதலில் வினவுவது, மாத்திரையை எதனுடன் உட்கொள்கிறீர்கள் என்பதையே. பலரும் கூறும் விடை: "காலைத் தேநீருடன்."

உண்ணும் இரும்பு முழுவதும் உடலில் சேர்வதில்லை. சிறுகுடலின் முற்பகுதியே அதைப் பெரும்பாலும் உறிஞ்சுகிறது. தேநீரிலுள்ள டானின் இரும்புடன் பிணைந்து கரையாத சேர்மமாகிறது. கரையாத இரும்பு குடற்சுவரைக் கடக்க இயலாமல் மலத்துடன் வெளியேறுகிறது. 1975இல் வெளியான ஓர் ஆய்வில், ரொட்டி, சோறு ஆகியவற்றிலிருந்து இரும்பு உறிஞ்சப்படுவதைத் தேநீர் குறைத்தது. சமைத்த ஹீமோகுளோபினிலுள்ள இரும்பை அது தடுக்கவில்லை. எனவே, கீரை, பருப்பு, தானியங்களையே நம்பியிருப்போர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

வைட்டமின் சி இதற்கு மாறாக, இரும்பு உறிஞ்சப்பட உதவுகிறது. ஆகவே உணவுடன் எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேநீர், காபி, பால், சுண்ணாம்புச்சத்து மாத்திரை ஆகியவற்றுக்கும் இரும்பு மாத்திரைக்கும் இடையே இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். இம்மாத்திரையால் மலம் கருமையாவது இயல்பு; ஆனால் தார்போல் பிசுபிசுப்பாக இருப்பின் உடனே தெரிவியுங்கள். இடைவெளி விட்டும் ஹீமோகுளோபின் உயராவிடில், உள்ளே இரத்தக் கசிவு இருக்கக்கூடும், பரிசோதனை அவசியம். அளவு சீரானதும் மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டா. உடலின் இரும்புச் சேமிப்பு நிறைய மேலும் சில மாதங்கள் ஆகும்.