அணுமின் நிலையமும் அண்டைக் கிராமமும்

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் ஏரிகள் வற்றும் காலத்தில் உழவர்க்கு ஆழ்குழாய்க் கிணறே துணை. அக்கிணற்று மோட்டாரை இயக்கும் மின்சாரம் தென்மாநிலங்களை இணைக்கும் மின் தொகுப்பிலிருந்து கிடைக்கிறது. தமிழ்நாட்டில் கல்பாக்கத்திலுள்ள சென்னை அணுமின் நிலையமும் அத்தொகுப்பிற்கு மின்சாரம் வழங்குகிறது.

இந்நிலையம் கடலோரத்தில் அமைந்தது ஏன்? யுரேனியம் பிளவுறும்போது தோன்றும் வெப்பம் நீரை ஆவியாக்குகிறது. ஆவி டர்பைனைச் சுழற்றுகிறது. அவ்வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாக மாறும். எஞ்சியதை அகற்றப் பெருமளவு நீர் தேவை. வறண்ட சித்தூரில் அரிதான அந்நீரைக் கல்பாக்கத்தில் கடல் தருகிறது.

முதல் உலை 1984-லும் இரண்டாவது உலை 1986-லும் வணிக முறையில் உற்பத்தியைத் தொடங்கின. நிலையத்தைச் சுற்றி 1.6 கிலோமீட்டர் வரை குடியிருப்பு விலக்கப்பட்டது. 16 கிலோமீட்டர் வரையுள்ள ஊர்களுக்கு நெருக்கடிகாலத் திட்டம் வகுக்கப்பட்டது.

2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை தாக்கியபோது, கடல்நீர் இறைக்கும் நிலையத்தினுள் வெள்ளம் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. ஆயினும் ஊழியர் குடியிருப்பிலும் அருகிலிருந்த மீனவர் ஊர்களிலும் பலர் உயிரிழந்தனர். உலையைக் காக்க ஏற்பாடு இருந்தது. கரையில் வாழ்ந்தோர்க்கு முன்னெச்சரிக்கை எட்டவில்லை.

மின்சாரத்தின் பயன் தொலைவிலுள்ள வயல்களையும் அடைகிறது. அதன் சுமையை அண்டைக் கிராமமே முதலில் தாங்குகிறது. எனவே, நெருக்கடியில் எங்குச் செல்வது, யார் சொல்வதைக் கேட்பது என்பதை அக்கிராமத்தார் ஒவ்வொருவரும் அறிந்திருக்கச் செய்தல் வேண்டும். உலைக்குக் காட்டும் கவனத்தை ஊருக்கும் காட்டுவது நிர்வாகத்தின் கடமையாகும்.