முதலில் கூரை, கடைசியில் ஏசி

தெற்கே கடல் பார்த்த மாரியூரில், பூவேந்தியநாதர் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி, இருபது முதியவர்களுக்கு ஓர் இல்லம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். குழுவில் உட்கார்ந்ததுமே “எத்தனை ஏசி?” என்ற பேச்சுதான் எழும். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

வயதாக ஆகத் தாகமும் குறைகிறது, வியர்வையும் குறைகிறது. உடம்பு கொதிப்பதே பலருக்கு உறைப்பதில்லை. “எனக்கொன்றும் புழுக்கமில்லையப்பா” என்று ஒரு பாட்டி சொல்வதை நம்பி அறையைத் திட்டமிட முடியாது.

சித்திரை பிறக்கும் வாக்கில் இங்கே உச்சிச் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். மாடி இல்லாத கட்டடத்தில் சுவரைவிடக் கூரைதான் வெயிலை வாங்குகிறது. வெறும் கான்கிரீட், பகலில் குடித்த சூட்டை இரவில் கட்டிலின் மேல் இறக்கும். பனங்கை வைத்து ஓடு வேய்ந்த வீடோ பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும். தூக்கத்துக்கு ஓடுதான். ஆனால் 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியைப் பறிகொடுத்த கரை இது. எழுந்து நடக்கவே துணை தேடுகிறவர்களை ஓட்டுக்குக் கீழே படுக்கவைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே கான்கிரீட், மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்த தளம், அதன்மேல் தட்டோடு, அதற்கும் மேல் வெள்ளை. சுண்ணாம்பு மலிவு, ஆனால் ஐப்பசி மழையில் கரையும். வெயிலைத் திருப்பும் பெயின்ட் விலை கூடுதல், சில வருடம் நிற்கும். பங்குனிதோறும் ஆள் பிடித்து வெள்ளையடிக்கத் தெம்பில்லாத நிர்வாகம் பெயின்டுக்கே போகட்டும். கையில் பணமிருந்தால் சோலார் தகடுகளை ஆள் உயரத்துக்கு மேல் பந்தல்போல நிறுத்தலாம். மின்சாரத்தோடு கூரைக்கு நிழலும் கிடைக்கும். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கிற மாவட்டத்தில் வெயிலுக்கா பஞ்சம்? புயல் காற்றுக்குக் கணக்குப் போட்ட, துத்தநாகம் பூசிய சட்டங்கள் மட்டும் முக்கியம்.

உப்பை மறந்தால் இத்தனையும் வீண். கடலோரக் கட்டடத்துக்குக் கான்கிரீட் தரவிதியான ஐ.எஸ். 456 சொல்வது எம்30 கான்கிரீட், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கவர். உள்ளூர்ப் பழக்கப்படி இருபதோடு நிறுத்தினால் கம்பி துருவேறி உப்பி, கூரையின் அடிப்பக்கம் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். உவர்த் தண்ணீரைக் கலவைக்கும் விடாதீர்கள், கியூரிங்குக்கும் விடாதீர்கள். நல்ல தண்ணீர் லாரிச் செலவு எஸ்டிமேட்டிலேயே ஏறட்டும்.

அமைப்புக்கு வருவோம். சுனாமிக்குப் பிறகு கடலூர் அருகே ஹெல்ப்ஏஜ் இந்தியா உருவாக்கிய தாமரைக்குளம் முதியோர் கிராமத்தைப்போலச் சிறு வீடுகளாகப் பிரித்தால் வீட்டு வாசம் இருக்கும். ஆனால் இரவில் ஒரே ஆயா எல்லாரையும் பார்த்துக்கொள்வது சிரமம். செட்டிநாட்டு முற்றம் அழகுதான், ஆனால் நாற்புறமும் அடைத்த அமைப்பில் மேற்கு வரிசை சாயங்கால வெயிலில் வேகும், மழைநாளில் முற்றம் வழுக்கும். என் ஓட்டு கிழக்கு மேற்காக நீண்ட ஒற்றை வரிசைக்கு. ஒவ்வோர் அறைக்கும் தெற்கும் வடக்கும் ஜன்னல், கடல் பக்கம் அகலத் தாழ்வாரமும் திண்ணையும். பகலில் கடற்காற்று குறுக்கே ஓடும். நிழல் வேண்டுமென்று உள்ளே இருட்டாக்கிவிடக் கூடாது. வயதான கண்ணுக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும். வாசற்படி ஒன்றுகூட வேண்டாம், ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவு போதும்.

ஏர்கூலரைக் கடற்கரைக்கு வாங்காதீர்கள். ஏற்கெனவே ஈரமான காற்றில் அது ஈரத்தைத்தான் கூட்டும். சாதாரண மின்விசிறி 75 வாட், பிஎல்டிசி விசிறி 30 வாட் வாக்கில். இருபது விசிறி தினம் இருபது மணி நேரம் ஓடினால் 18 யூனிட் மிச்சம். கரண்ட் போனாலும் இன்வெர்ட்டரில் நெடுநேரம் தாங்கும்.

இனி அந்த முதல் கேள்வி. ஒன்று போதும், பொதுக்கூடத்துக்கு. அக்னி நட்சத்திர மதியங்களில் எல்லாரும் அங்கே கூடட்டும், மோர் அங்கேயே வரட்டும். வெளி யூனிட்டை மட்டும் கடலுக்கு முதுகு காட்டி வடக்குச் சுவரில் மாட்டி, அவ்வப்போது நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.