நாம் யார்? – குழு உணர்வும் மன நலமும்

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் யாம் பயின்ற காலத்தில், தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்பதை முதல் விதியாகக் கற்பித்தனர். ஆதலின் இப்பாடத்தையும் நமக்குத் தெரிந்ததிலிருந்தே தொடங்குவோம். ஓசூருக்குப் புதிதாகக் குடிவருவோரிடம் அண்டை வீட்டார் முதலில் கேட்பது, "எந்த ஊர்?" என்பது, அடுத்து, "எந்தக் கம்பெனி?" என்பது. ஒருவர் தம்மை எவரோடு சேர்த்து எண்ணுகிறார் என்பதையே இவ்விரு வினாக்களும் அறிய விழைகின்றன. அவ்வெண்ணம் மன நலத்தை எப்போது வளர்க்கிறது, எப்போது கெடுக்கிறது என்பதே இன்றைய பாடம்.

ஊர் விட்டு ஊர்

1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. அடுத்த பத்தாண்டுகளில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் முதலிய ஆலைகள் எழுந்தன. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019-இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கு மொழிகளும் ஒரே தெருவில் ஒலிக்கும் எல்லைப்புற ஊர் இது.

வந்தவாசி வட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 1983-இல் யாம் இங்குக் குடிவந்தோம். சொந்த ஊரில் தெருக்கோடியில் ஜினாலயம். அந்தி சாயுமுன் எல்லா வீடுகளிலும் உணவு முடிந்துவிடும். நாம் யார் என்று எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. இங்கோ, இரண்டாம் ஷிப்ட் செல்பவர் பகலுணவு இடைவேளை தாண்டினால் இரவு முழுவதும் பட்டினி. ஏன் என்று கேட்போர்க்கு ஒவ்வொரு நாளும் விளக்கம்.

எம் மகள் ஆறாம் வகுப்பில் பயின்றபோது, தான் ஜைனர் என்று கூறினாள். "சேட்டு வீட்டுப் பெண்ணா? தமிழ் நன்றாகப் பேசுகிறாயே!" என்றார்கள். கேலியன்று, அறியாமைதான். ஆயினும் அன்று முதல் அவள் அச்சொல்லையே விட்டுவிட்டாள். பிறர் கேட்கும்முன் பேச்சை மாற்றக் கற்றாள். தான் சேர்ந்த குழுவைப் பற்றிப் பெருமையும் கொள்ளாது, மறுக்கவும் இயலாது, மறைத்து வாழும் மனம் எந்நேரமும் காவல் காக்கும் மனம். அதற்கு ஓய்வில்லை.

அடுத்த கோடை விடுமுறையில் அவளைச் சிரவணபெளகுளத்திற்கு அழைத்துச் சென்றோம். பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் சாமுண்டராயர் நிறுவிய கோமடேசுவரர் திருவுருவின் பாதங்களருகே, கன்னடத்தோடு தமிழ் மொழியிலும் கல்வெட்டு வரி உண்டு. எழுத்து பழையது, அவளால் படிக்க இயலவில்லை. "நம் மொழியா?" என்று மட்டும் இருமுறை கேட்டாள். பள்ளி திறந்ததும் தன் தோழியரிடம் அதைத் தானே சொன்னாள்.

ஒரு தூண் போதாது

யாம் பணி ஓய்வு பெற்ற ஆண்டின் சூன் மாதத்தில், பள்ளி திறக்கும் நாளன்று, வழக்கம் போல் நீராடிப் புடவை உடுத்தி அமர்ந்திருந்தோம். செல்ல இடமில்லை. முப்பதாண்டுகளுக்கு மேலாக "டீச்சர்" என்பதே எம் பெயராயிருந்தது; அதைக் கழற்றியபின் எஞ்சியது யாது என்று தெரியவில்லை. பல திங்கள் உறக்கம் கெட்டது. ஆலைப் பணியே தம் முகவரி என்றிருந்த ஆடவர் பலர்க்கும் இந்நிலை நேர்வதை இங்குக் கண்டுள்ளோம்.

2016-இல் ஸ்டெஃபென்ஸ் என்ற உளவியலாரும் உடன் ஆய்ந்தோரும் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்குகிறது. இங்கிலாந்தில் ஓய்வு பெற்ற 424 பேரை ஆறாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். ஓய்வுக்கு முன் இரண்டு குழுக்களில் இருந்து, பின்னும் இரண்டையும் விடாதவர்க்கு அக்காலத்துள் இறக்கும் வாய்ப்பு 2 விழுக்காடு. ஒன்றை இழந்தவர்க்கு 5. இரண்டையும் இழந்தவர்க்கு 12. குழுவே ஆயுளைத் தந்தது என்று முடிவு கட்டலாகாது. எனினும் ஒரே தூணில் கூரை வேய்தல் தகாது என்பது தெளிவு. எமக்குத் துணை நின்றவை இரண்டு: ஞாயிறுதோறும் நம் பிள்ளைகளுக்கு நடத்திய அறநெறி வகுப்பு, கன்னடம் பேசும் அண்டை வீட்டுப் பெண்களோடு காலையில் நடந்த நடை.

மருந்தே நஞ்சாதல்

ஹென்றி டாஜ்ஃபெல் என்பார் போலந்தில் பிறந்த யூதர். நாசிகளின் கொடுமையில் தம் குடும்பத்தை இழந்தவர். 1970களின் தொடக்கத்தில் பிரிஸ்டல் நகரப் பள்ளிச் சிறுவரை மிக அற்பமான காரணம் காட்டி இரு குழுக்களாகப் பிரித்தார். அவர்கள் முகம் பார்த்துப் பேசவுமில்லை. ஆயினும் பரிசுத் தொகையைப் பங்கிடும்போது தம் குழுவினர்க்கே அதிகம் அளித்தனர். எதிர்க் குழுவினரை விஞ்சுவதற்காகத் தம் குழுவிற்குரிய ஆதாயத்தையும் குறைத்துக்கொண்டனர்! "நாம்" என்ற சொல் பிறந்த கணமே "அவர்" என்ற சொல்லும் பிறந்துவிடுகிறது.

நம் ஆன்றோர் இதனை அறிந்திருந்தனர். அருங்கலச்செப்பு, உடன் அறம் பேணுவார்பால் காட்டும் அன்பாகிய வாத்சல்யத்தை நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் ஒன்றாகக் கூறுகிறது. அந்நூலே குலச் செருக்கையும் இனச் செருக்கையும் நீக்கவேண்டிய எண்வகை மதங்களுள் வைக்கிறது. அன்பு குழுவின் உள்ளிருந்து தாங்குவது. செருக்கு குழுவின் மீதேறிப் பிறரை அளப்பது. முன்னது மனத்திற்கு உணவு, பின்னது நோய்.

2022-இல் ஜார்க்கண்ட் மாநிலத்திலிருந்து நூற்றுக்கணக்கான இளம் பெண்கள் இப்பகுதி மின்னணு ஆலையொன்றிற்குப் பணிக்கு வந்தனர். "எந்த ஊர்?" என்ற வினாவிற்கு அவர்கள் கூறும் விடை இங்கு எவருக்கும் விளங்காது. அந்நிலையை நாம் அறிவோம். அறிந்த நாமே முதலில் அவர்களை நோக்கிப் புன்முறுவல் பூக்கக் கடவோம்.

வீட்டில் கலந்து பேசுதற்கு

1. நம் குடும்பத்தில் ஒவ்வொருவரும் எத்தனை குழுக்களில் உள்ளனர்? ஒன்றே உடையவர் யார்?
2. நம் பிள்ளைகள் தம் சமயத்தை வெளியில் சொல்லத் தயங்குகின்றனரா? காரணம் யாது?
3. நம்மைப் பற்றிப் பேசும்போது பிறரைத் தாழ்த்திய சொல் ஏதேனும் இவ்வாரம் நம் வீட்டில் எழுந்ததா?

விடைகளை ஏட்டில் எழுத வேண்டா. உண்ணுமுன் அனைவரும் கூடி அமர்ந்து பேசினால் போதும்.